பாம்பு கால் நீட்ட ஓர் இடம்

சாந்தோஸ் நகரில் கடற்கரைக் கட்டிடங்கள் சாய்ந்திருப்பது ஒரு செய்தியே அல்ல. மணலுக்கு அடியில் களிமண் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் கட்டினார்கள், களிமண் அமுங்கியது, அவ்வளவுதான். நாலாம் கால்வாய்ப் பக்கம் இருக்கிற ஒந்தீனா கட்டிடம் கடலைப் பார்த்துக் குனிய ஆரம்பித்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. அங்கே சமையலறையில் கை தவறி விழுந்த தக்காளியைத் தேடி யாரும் குனிவதில்லை. நேரே முன்கூடத்துக்குப் போய் ஜன்னலடியில் எடுத்துக்கொண்டு வருவார்கள். கட்டில், அலமாரி, குளிர்பெட்டி எதுவானாலும் கடல் பக்கத்துக் காலுக்கு ஒரு மரத்துண்டு முட்டு உண்டு. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தலை சுற்றும். இரண்டே வாரத்தில் சரியாகிவிடும், அப்புறம் ஊரில் மற்ற வீடுகள்தான் கோணலாகத் தெரியும்.

மூன்றாம் மாடி மார்லூசியாவின் தூக்கத்தை அந்தச் சாய்வு ஒரு நாளும் கெடுத்ததில்லை. இப்போது கெடுத்துக்கொண்டிருந்தது மாண்டியோக்காவின் மூக்கு.

மாண்டியோக்கா என்றால் மரவள்ளிக்கிழங்கு. அது அவள் வளர்க்கும் ஜிபோயா என்ற விஷமில்லாத பெரிய பாம்பின் பெயர். நான்கு வருஷத்துக்கு முன் மகள் வேலை கிடைத்து தூரத்து மனவுஸ் நகருக்குப் போனபோது, வீட்டில் பேச்சுத்துணைதான் இல்லை, பேசாத துணையாவது இருக்கட்டும் என்று வாங்கியது. அரசாங்க அனுமதி பெற்ற பண்ணை, தோலுக்கடியில் அடையாளச் சில்லு, கையில் ரசீது, எல்லாம் முறைப்படி. வந்த புதிதில் முழங்கை நீளம்தான் இருக்கும். மார்லூசியா தையல்காரி. கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள், எதிரே வருகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்புச் சுற்றளவு சொல்லிவிடுவாள். உடம்புக்குப் பாந்தமாக இருந்தால்தான் உடுப்பு என்பது அவள் தொழில் புத்தி. அதே புத்தியில் எண்பது சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வாங்கினாள். வளரும் பிள்ளைக்குத் துணி விட்டுத் தைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், சொந்தப் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மிருக வைத்தியர் தாயினா பாம்பின் தலையை மெதுவாகப் பிடித்து மூக்கு நுனியைப் பார்த்தார். செதில் உரிந்து சிவந்திருந்தது.

"கண்ணாடிய முட்டி முட்டி வழி தேடியிருக்கா. பெட்டி எவ்வளவு?"

"எண்பது."

"இவ எவ்வளவு?"

மார்லூசியா கூரையைப் பார்த்தாள். "ஒண்ணு இருவது இருக்கும்."

"அக்கா, என் பேண்ட்ட பாத்தே ரெண்டு கிலோ ஏறிட்டேன்னு சொன்னது நீங்கதானே? இப்ப கண்ணு மங்கிப் போச்சா?" தாயினாவுக்குச் சிரிப்பு வந்தாலும் விடவில்லை. "இவ நேரா நீட்டிப் படுக்கணும்னா ஒரு பக்கச் சுவராவது இவ நீளம் இருக்கணும். ஒரு ஓரம் சூடு, மறு ஓரம் குளுமை, நடுவுல நடமாட்டம். எண்பதுக்குள்ள சூடும் குளுமையும் எங்க போய் நிக்கும்? மூணு வாரம் தர்றேன். முடியலன்னா பண்ணைக்கே திருப்பிக் குடுத்துடுங்க, அங்க இடம் இருக்கு. புண்ணு உள்ள போச்சுன்னா சாப்பாட்ட நிறுத்திடுவா."

திருப்பிக் கொடுப்பதா! மார்லூசியா பேருந்தில் வரும் வழியெல்லாம் மடியிலிருந்த துணிப்பையைத் தடவிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று அவள் ஆரம்பிப்பது இந்த ஒரு ஜீவனிடம்தான். அது கேட்கிறதா என்பது வேறு விஷயம். பாம்புக்குக் காது கிடையாது. ஆனாலும் அதைவிடப் பொறுமையாகக் கேட்கிற ஆளை அவள் சாந்தோஸில் பார்த்ததில்லை.

பெட்டி செய்ய ஆள் இருந்தது, காசும் இருந்தது. இல்லாதது வால்டோமிரோவின் கையெழுத்து.

எட்டு வருஷத்துக்கு முன் ஒந்தீனாவின் முன்பக்கச் சுவரில் விரிசல் விட்டபோது எல்லோரும் கூடிக் கூட்டம் போட்டார்கள். அன்று எழுந்து நின்றவர் மூன்றாம் மாடியில் மார்லூசியாவுக்கு எதிர்வீட்டு வால்டோமிரோ. முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல் வயிற்றுக்குள் காப்பி மூட்டை அடுக்கியவர். எந்த மூலையில் எத்தனை மூட்டை வைத்தால் கப்பல் நிமிர்ந்து நிற்கும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். கட்டிடமும் ஒரு கப்பல்தான், முன்பக்கம் பாரம் ஏறினால் மூக்குக் குத்தும் என்று அவர் அடித்துச் சொல்ல, பயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் கடல் பக்கத்து அறைக்குள் ஐம்பது கிலோவுக்கு மேல் எது வந்தாலும் அவருடைய நோட்டில் ஏற வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எஞ்சினியர் வந்து விரிசலைப் பூசி, "உங்க சோபாவுக்கெல்லாம் இந்தக் கட்டிடம் அசையாதுங்க, அது ஆயிரக்கணக்கான டன்" என்று சிரித்துவிட்டுப் போனார். விதியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வால்டோமிரோவின் முகத்தைப் பார்த்து யாருக்கும் மனசு வரவில்லை என்பதுதான் நிஜம்.

பெட்டியைப் பின்னறையில் வைக்கலாமென்றால் நடைபாதை வளைவில் அது திரும்பாது. வெளியிலிருந்து கயிறு கட்டி முன்ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மார்லூசியா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். வழக்கம்போல ஒரு சாண் மட்டும் திறந்தது. அந்தச் சாண் இடைவெளியில் வால்டோமிரோவின் நீள முகம்.

"பாம்புக்குப் புது வீடா? முதல்ல சரக்க அளக்கணும்" என்றார். "பாக்காத சரக்குக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல."

"சனிக்கிழமை வாங்கண்ணே. காப்பி போட்டு வெக்கிறேன்."

"பாம்பு எங்க இருக்கும்?"

"என் கையிலதான் இருக்கும். உங்க கையிலயும் கொஞ்சம் இருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, காதில் பென்சில், அக்குளில் நோட்டு, கையில் குளியலறை எடை இயந்திரம். கூடவே மேல்மாடி கிளியோனீசும் வந்தாள், கூப்பிடாமலே. வேடிக்கை என்றால் அவளுக்கு யாரும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. கையில் ஒரு தட்டு நிறைய ரொட்டி வேறு.

எடை சுலபமாக முடிந்தது. மார்லூசியா பாம்போடு ஏறினாள், பாம்பில்லாமல் ஏறினாள், வித்தியாசம் ஏழு கிலோ.

"உன் எடைய சொல்லலியே" என்றாள் கிளியோனீஸ்.

"அத சொன்னா கட்டிடம் இன்னும் சாஞ்சிரும், சும்மா இரு."

நீளம்தான் வம்பாகிப் போனது. பாம்பு நேராக இருப்பேன் என்று யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. தரையில் விட்டால் அடுத்த நிமிஷம் சாய்வைப் பிடித்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போய்ச் சுருண்டது. தையல் நாடாவோ ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிட்டது. கடைசியில் மார்லூசியா சணல் கயிறு ஒன்றை எடுத்து முதுகெலும்போடு ஒட்டவைத்து அளப்பது என்று தீர்மானித்தாள். தலைப்பக்கம் அவள், நடுவில் கிளியோனீஸ், வால்பக்கம் வால்டோமிரோ.

"கடிக்குமா?"

"வால்ல பல்லு இருக்காதுண்ணே."

மூட்டை தூக்கிப் பழகிய அந்தப் பெரிய கைகள் முதலில் வாலைச் சூடான பாத்திரத்தைத் தொடுவது போலத் தொட்டன. மாண்டியோக்காவுக்கு அந்தக் கைகளின் வெதுவெதுப்பு பிடித்துப் போயிற்று. வாலை அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டது.

"ஐயோ, பிடிச்சுக்கிச்சு! மார்லூசியா! பிடிச்சுக்கிச்சு!"

"உங்கள விட்டா யாரு இருக்கா அதுக்கு, இருக்கட்டும்" என்றாள் கிளியோனீஸ். சிரித்த சிரிப்பில் நடுப்பகுதியை நழுவவிட்டாள். மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள். மூன்றாவது தடவையில் கயிற்றில் முடிச்சு விழுந்தது. ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு.

வால்டோமிரோ வால் சுற்றிய கையை அசைக்காமல் இன்னொரு கையால் கணக்குப் போட்டார். மரப்பலகை, முன்கண்ணாடி, உள்ளே மண், தண்ணீர்த் தொட்டி. "நீளம் ஒண்ணு தொண்ணூத்தஞ்சு, அகலம் தொண்ணூறு, உயரம் தொண்ணூறு. நூத்தி இருவது கிலோ." உதட்டைப் பிதுக்கினார். "முடியாதும்மா. ஒண்ணு இருவது நீளத்துல சின்னதா செஞ்சுக்க. ஐம்பது கிலோவுக்குள்ள நிக்கும், என் கையெழுத்தே வேண்டாம்."

"ஒண்ணு தொண்ணூத்தி நாலு உடம்ப ஒண்ணு இருவதுல எப்படி வெக்கிறது?"

"மடிச்சு."

"மடிச்சா? அது என்ன பேண்ட்டா?"

"மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவுல விரல் நுழையக் கூடாதும்மா. இடம் விட்டா சரக்கு உருளும். நெருக்கி அடுக்கினதுதான் பத்திரம். முப்பது வருஷத்துல என் மூட்டை ஒண்ணுகூட உருண்டதில்ல."

"நீங்க சொல்றதுல பாதி சரிதான். ஒளிஞ்சுக்க உள்ள ஒரு சின்னக் கூடு வேணும், உடம்ப நாலு பக்கமும் தொடணும், அப்பதான் இவளுக்குப் பயம் போகும். டாக்டரே சொன்னாங்க. ஆனா அதுலேருந்து வெளிய வந்தா நீட்டிப் படுக்கவும் இடம் வேணும். ரெண்டும் வேணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா அது வீடு இல்ல, மூட்டைதான்."

"நீட்டித்தான் படுக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" வால்டோமிரோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒரு மீட்டர் எண்பத்தாறு. எட்டு வருஷமா ஒண்ணு அறுபது கட்டில்லதான் படுக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

கிளியோனீஸ் ரொட்டியைப் பாதியில் நிறுத்தினாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். வால் விடவில்லை.

மார்லூசியா சுற்றைப் பிரித்து, மாண்டியோக்காவைப் பெட்டிக்குள் விட்டு, மூடியைப் பூட்டினாள். கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"காட்டுங்க அந்தக் கட்டில."

"எதுக்கு?"

"நீங்க என் சரக்க அளந்தீங்கல்ல. இப்ப நான் உங்க சரக்க அளக்கணும்."

எட்டு வருஷமாக ஒரு சாண் மட்டும் திறந்த கதவு அன்று முழுசாகத் திறந்தது. முன்கூடம் காலியாகக் கிடந்தது. ஒரு நாற்காலி கிடையாது, படம் கிடையாது, ஜன்னல் பலகைகூட சாத்தியிருந்தது. மொத்தக் குடித்தனமும் பின்னால் இருந்த குட்டி அறைக்குள் அடைந்துகிடந்தது. அலமாரி மேல் அலமாரி, கால்கள் மேலே பார்க்கத் தலைகீழாக மேஜை, ஆறு துண்டாகக் கழற்றிப் போர்வையில் சுற்றிய இரட்டைக் கட்டில். விரல் நுழையாத அடுக்கு, தொழில் சுத்தம். நடுவில் சுவரோரமாக ஒரு சின்னக் கட்டில்.

"படுங்க" என்றாள் மார்லூசியா.

படுத்தார். தலை சுவரில் முட்டியது, முழங்கால் இரண்டும் மடங்கி மேலே நின்றன. கால் பக்கத்துச் சட்டத்தில் இடித்து இடித்து இரண்டு குதிகாலும் காய்ப்புக் காய்த்து வெடித்திருந்தன. மார்லூசியா அதைப் பார்த்தாள். அளப்பதற்கு ஒன்றும் இல்லை என்று கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பாம்புக்கு மூக்கு, உங்களுக்குக் குதிகால்" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், குரல் பாதியில் இறங்கிவிட்டது. "உங்க வீட்டம்மா ஜிர்சி அக்கா தவறின வருஷம்தானே இதெல்லாம் பின்னால வந்துச்சு?"

"விரிசல் விட்ட வருஷம்."

"விரிசல பூசிட்டுப் போய் ஏழு வருஷம் ஆச்சுண்ணே. கட்டிடத்துக்காகன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

அவர் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். "அந்தக் கட்டில்ல ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா தாங்க முடியல மார்லூசியா. மறுபக்கம் காலியா கெடக்கும்ல. புரண்டா கை அங்க போகும். கழட்டி வெச்சேன். அப்புறம் மேஜை, அதுலயும் ரெண்டு நாற்காலிதான். அதையும் பின்னால தள்ளினேன்."

 இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விட்டோமே என்று மார்லூசியாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பாம்பிடம் பேசிய பேச்சில் பத்தில் ஒரு பங்கை இந்த மனுஷனிடம் பேசியிருக்கலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டை அவரிடமிருந்து வாங்கிப் புரட்டினாள்.

"உங்க முன்கூடத்துல இப்ப எத்தன கிலோ?"

"ஒண்ணுமில்ல."

"முன்னால?"

"நானூத்தி முப்பது."

"அப்ப எட்டு வருஷமா இந்தக் கட்டிடத்துக்கு நானூத்தி முப்பது கிலோ விட்டுக் குடுத்திருக்கீங்க. உங்க நோட்டு, உங்க கணக்கு. நான் சொல்லல."

வால்டோமிரோ எழுந்து உட்கார்ந்தார். நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். மற்றவர்கள் வீட்டுப் பாரத்தையெல்லாம் கிராம் சுத்தமாக எழுதியவர் தன் பக்கத்தை இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, "மாண்டியோக்கா பெட்டி, நூற்று இருபது, என் பங்கிலிருந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மிச்சத்துல உங்க ரெட்டைக் கட்டிலையும் முன்கூடத்துக்கு எழுதுங்க."

"அது கெடக்கட்டும்."

"அப்ப எனக்கு இந்தக் கையெழுத்து வேண்டாம்."

"பைத்தியம் மாதிரி பேசாத. அதுக்கு மூக்குல புண்ணு, காத்திருக்காது. நான் காத்திருப்பேன்." நோட்டை மூடிவிட்டார்.

பெட்டி இரண்டாம் வாரக் கடைசியில் வந்தது. தச்சர் எசேக்கியாஸ் மூன்றாம் மாடி ஜன்னலில் கப்பி மாட்டிக் கயிற்றை இறக்கினார். கீழே நடைபாதையில் நின்றுகொண்டு வால்டோமிரோ இரண்டு கையையும் தூக்கி அசைத்து ஏற்றினார். மெல்ல, நிறுத்து, இடது பக்கம் ஒரு விரல், ஏத்து. அவர் குரல் எட்டாம் மாடி வரை கேட்டது. எதிர்ச் சாரியில் இளநீர் விற்பவன் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். பெட்டி ஜன்னலில் ஒரு கீறல் இல்லாமல் நுழைந்தது. மேலே வந்து தானே மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றிய டம்ளரைப் பெட்டி மேல் வைத்துப் பார்த்து, கடல் பக்கத்துக் கால்களுக்கு முட்டு வைத்து மட்டம் பிடித்தார். ஒந்தீனா கட்டிடத்திலேயே நேராக இருந்த ஒரே வீடு அதுதான்.

ஒரு ஓரத்தில் சூட்டு விளக்கு, மறு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் காய்ந்த இலை, ஒரு மரக்கிளை, உடம்பு இடிக்கிற அளவில் ஒரு சின்ன மரக்கூடு. மார்லூசியா மாண்டியோக்காவை உள்ளே விட்டாள். முதலில் அது கூட்டுக்குள் புகுந்துகொண்டது.

"பாத்தியா, நெருக்கம்தான் அதுக்குப் பிடிக்குது" என்றார் வால்டோமிரோ.

"பொறுங்கண்ணே."

அரை மணி நேரம் காப்பி குடித்தார்கள். கிளியோனீஸ் நாலாவது ரொட்டியில் இருந்தாள். கூட்டிலிருந்து நாக்கு வந்தது, பிறகு தலை. பின்சுவரை ஒட்டி மாண்டியோக்கா நகர ஆரம்பித்தது. விளக்கடியில் வால் இருக்க, தொட்டியருகே தலை போய்ச் சேர்ந்தது. எங்கும் முட்டவில்லை. வளைவு ஒவ்வொன்றாக அவிழ்ந்து, உடம்பு ஒரே கோடாகக் கிடந்தது. தலை முதல் வால் வரை அதன் முதுகுக் கோலம் முழுவதையும் மார்லூசியா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நான்கு வருஷம் வளர்த்த தன் பிள்ளை இவ்வளவு அழகு என்று தெரியாமல் போனதை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வால்டோமிரோ கண்ணாடி முன் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டில் தடால் தடாலென்று சத்தம். மேல்மாடியிலிருந்து கிளியோனீஸ், "கட்டிடம் போகுது, எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினாள். மார்லூசியா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கதவு விரியத் திறந்திருந்தது. முன்கூடத்தின் நடுவில் வால்டோமிரோ வாயில் இரண்டு திருகாணியும் கையில் கட்டில் சட்டமுமாக நின்றார்.

"அந்தப் பக்கம் பிடிம்மா" என்றார் திருகாணிகளுக்கு நடுவே. "நோட்டுல எழுதினதவிட கனமா இருக்கு, சனியன்."

ஆறு துண்டையும் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முன்காலுக்கு முட்டு வைத்தார்கள். மார்லூசியா மெத்தையைத் தட்டிப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள். வால்டோமிரோ கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இடது பக்கம் நின்றார், பிறகு வலது பக்கம் போய் நின்றார்.

"நடுவுல படுங்கண்ணே" என்றாள் மார்லூசியா.

தயங்கித் தயங்கி ஏறி, நடுவில் படுத்தார். காலை நீட்டினார். ஒரு கை இந்த ஓரம், ஒரு கை அந்த ஓரம் எட்டியது. முழங்கால் எங்கோ சொடக்குப் போட்டது. குதிகால் மெத்தையில் தனியாகக் கிடந்தது.

படுத்த இடத்திலிருந்து அவருக்குக் கடல் தெரிந்தது. துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்துக் கப்பல்கள் வரிசையாக நின்றிருந்தன. கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மூணாவது கப்பல பாரு. மூக்குப் பக்கம் பாரம் ஜாஸ்தி. எந்த மடையன் அடுக்கினான் அத?"

மார்லூசியா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாக் கப்பலும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. இந்த ஊர்க்காரன் எவனாவதுதான் அடுக்கியிருப்பான் என்று சொல்லத் திரும்பினால், அவர் வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.